மேப் போடுவதற்கு முன் அசெட் இன்டெக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கருவி என்னதான் செய்யும்?

உங்கள் கேம் ஆர்ட் கிடக்கும் ஃபோல்டர்களை முழுக்கப் படிக்கும். எந்தப் படம் எங்கே இருக்கிறது, என்ன அளவு, அதில் எத்தனை டைல் (மேப்பை அடுக்கிக் கட்டும் சிறு கட்டப் படம்), யார் வரைந்தது, என்ன உரிமம், இதே படம் வேறு பெயரில் இன்னொரு மூலையில் கிடக்கிறதா என்பதையெல்லாம் பட்டியலாக்கி, தேடுவதற்கு ஒரு பெட்டியும் சிறுபடங்களும் கொடுக்கும். அவ்வளவுதான். மேப் வரையாது, படத்தைத் திருத்தாது, ஃபைல்களை இடம் மாற்றாது. கடைசியாகச் சொன்னதை வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை, காரணம் கீழே வருகிறது.

ஏன் மேப் போடுவதற்கு முன்? போட்டுக்கொண்டே ஒழுங்குபடுத்தினால் என்ன?

போடலாம், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால்தான் இந்தக் கருவியே பிறந்தது.

விஷயம் இதுதான். டைல் மேப்புக்குள் படங்கள் கிடையாது, எண்கள்தான் இருக்கின்றன. டைல்டு (Tiled) என்ற மேப் எடிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்: மேப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் 32 பிட் எண் ஒன்று. அதன் மேல் பிட்டுகள் டைலைப் புரட்டவும் திருப்பவும், மீதி எந்த டைல் என்பதைச் சொல்ல. 0 என்றால் காலி. ஒவ்வொரு டைல்செட்டுக்கும் (ஷீட் என்ற ஒரே பெரிய படத்தில் அடுக்கிய டைல்களின் தொகுப்பு) ஒரு தொடக்க எண் உண்டு, அதிலிருந்து இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டே போகிறது. ஆக ஒரு டைலின் அடையாளம் என்பது ஷீட்டில் அது உட்கார்ந்திருக்கும் இடம், வேறெதுவும் இல்லை. 8 பத்தியாக நின்ற ஷீட்டை "இன்னும் ரெண்டு மரம் சேர்க்கலாம்" என்று ஓவியர் 10 பத்தியாக அகலப்படுத்தினால், இரண்டாம் வரியின் முதல் டைலாக இருந்தது போய் அந்த எண்ணுக்கு முதல் வரியின் ஒன்பதாவது டைல் வந்துவிடும். ஆறு ஓடிய இடத்தில் கூரை ஓடு. டைல்டு எடிட்டர், மேப்பைத் திறக்கும்போது பத்தி எண்ணிக்கை மாறியதைக் கவனித்து, எண்களைச் சரிசெய்யட்டுமா என்று கேட்கும், ஆனால் கேமுக்குள் மேப்பைப் படிக்க நீங்களே எழுதிய லோடர் கேட்காது, அது பாட்டுக்கு வரைந்துவிட்டுப் போகும். (கீழே வரிகளைச் சேர்ப்பதால் பழைய எண்கள் மாறாது. ஷீட் வளரப்போகிறது என்று தெரிந்தால் கீழ்நோக்கி மட்டும் வளரவிடுங்கள்.)

எண்ணுக்குப் பதில் ஃபைல் பாதையை வைத்துக்கொள்ளும் எஞ்சின்களிலும் கதை இதேதான், உடையும் விதம்தான் வேறு. ஃபோல்டர் பெயரை மாற்றினால் இணைப்பு அறுகிறது. முதல் டைலை வைக்கும் வரை எதை வேண்டுமானாலும் மாற்றலாம், செலவே கிடையாது. வைத்த பிறகு ஒவ்வொரு மாற்றமும் எல்லா மேப்பையும் தொடுகிறது. எது இருக்கிறது, எது இல்லை, எது இரண்டு முறை இருக்கிறது என்று அந்த இலவச காலத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் "முன்".

ஒரு விரிதாளில் எழுதி வைத்தால் போதாதா?

ஐம்பது படம் வரைக்கும் போதும், கருவியே வேண்டாம். அதற்கு மேல் போனால் விரிதாளை யாரும் புதுப்பிக்க மாட்டார்கள், நீங்களும்தான்.

இதெல்லாம் புதிய யோசனையா?

இல்லவே இல்லை. 1993-ல் வந்த டூம் கேமின் வாட் ஃபைலுக்குள்ளேயே (கேமின் படங்களும் மேப்புகளும் கிடக்கும் ஒரே ஃபைல்) இன்டெக்ஸ் இருக்கிறது. 12 பைட் தலைப்பு, உள்ளே எத்தனை துண்டு இருக்கிறது, பட்டியல் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும். பட்டியலில் ஒவ்வொரு துண்டுக்கும் 16 பைட்: எங்கே இருக்கிறது என்பதற்கு 4, எவ்வளவு நீளம் என்பதற்கு 4, பெயருக்கு 8. பெயருக்கு எட்டே எழுத்து என்பதால் அந்தக் காலத்து மேப் போடுபவர்கள் டெக்ஸ்சர் பெயர்களில் காட்டிய சிக்கனம் தனிக் கலை. நமக்கு எழுத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் "புதுசு_கடைசி_உண்மையிலேயே_கடைசி_2" என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எந்தெந்த வகை ஃபைல்களைப் படிக்கும்?

பி.என்.ஜி, ஜேபெக், வெப்பி, ஏஸ்ப்ரைட் (பிக்சல் ஆர்ட் மென்பொருள்) ஃபைல், 3டி மாடல்களுக்கு ஜி.எல்.டி.எஃப், ஜி.எல்.பி. ஃபோட்டோஷாப் ஃபைலில் ஒன்றுசேர்த்த படத்தை மட்டும் பார்க்கும், லேயர்களுக்குள் போகாது. ஏஸ்ப்ரைட் ஃபைலில் ஃப்ரேம்கள், லேயர் பெயர்கள், அனிமேஷனுக்கு ஓவியர் வைத்த டேக்குகள் எல்லாமே கிடைக்கும். ஓவியர் "நடை", "ஓட்டம்" என்று ஏற்கனவே பெயரிட்டிருந்தால் நீங்கள் மறுபடி டேக் போட வேண்டியதில்லை, எனவே முடிந்தால் ஏற்றுமதி செய்த பி.என்.ஜி.யோடு மூல ஃபைலையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஜிப்பைப் பிரிக்காமலே உள்ளே பார்க்கும். ஜிப்பின் பட்டியல் அதன் வால்பக்கத்தில் இருப்பதால் முழுவதையும் விரிக்கத் தேவையில்லை. ஒரு தொல்லை மட்டும் உண்டு: பழைய ஜிப்களில் பெயர்கள் யுனிகோடில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஜப்பானிய ஆர்ட் பேக்குகள் சிலவற்றில் பெயர்கள் ஷிஃப்ட் ஜிஸ் என்ற ஜப்பானிய எழுத்துக் குறியீட்டு முறையில் இருக்கும், அவை குப்பையாகத் தெரியும். அமைப்பில் அந்த ஜிப்புக்கு மட்டும் எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

முதல் ஸ்கேன் இவ்வளவு வேகமாக முடிகிறதே, உண்மையாகவே எல்லாவற்றையும் படிக்கிறதா?

முதல் சுற்றில் இல்லை. பி.என்.ஜி ஃபைலில் முதல் 8 பைட் அடையாளக் குறி, உடனே தலைப்புத் துண்டு, அதில் 16-வது பைட்டிலிருந்து அகலம் 4 பைட், உயரம் 4 பைட். ஆக முதல் 24 பைட்டைப் படித்தாலே படத்தின் அளவு தெரிந்துவிடும், பிக்சலைத் தொடவே வேண்டாம். அந்த வேகத்தில் பட்டியல் முதலில் வந்துவிடும், நீங்கள் தேட ஆரம்பிக்கலாம். அப்புறம் பின்னணியில் ஒவ்வொன்றாக முழுக்க விரித்து சிறுபடம், ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்), நிறங்கள் எல்லாம் எடுக்கும்.

இரண்டாம் முறை ஸ்கேன் செய்யும்போது அளவும் திருத்திய நேரமும் மாறாத ஃபைல்களைத் தாண்டிப் போய்விடும். கிட்டில் (Git, ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) கிளை மாறினால் திருத்திய நேரம் மாறும், அப்போது ஹாஷை ஒருமுறை சரிபார்த்து "உள்ளடக்கம் அதேதான்" என்று விட்டுவிடும், டேக்குகள் போகாது.

ஷீட்டில் டைல் அளவைத் தப்பாகக் கண்டுபிடிக்கிறது!

அதிகம் வரும் புகார் இதுதான், பாதிக் குற்றம் கருவியுடையது, பாதி ஷீட்டுகளுடையது.

256×256 ஷீட்டை 8, 16, 32, 64 எதனாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். எது சரி என்று எண்ணுக்குத் தெரியாது, படத்தைப் பார்த்துதான் சொல்ல வேண்டும். கருவி என்ன செய்கிறது என்றால், ஒவ்வொரு சாத்தியமான அளவுக்கும் கட்டக் கோடுகள் விழும் இடத்தில் பக்கத்துப் பக்கத்து பிக்சல்கள் எவ்வளவு திடீரென்று மாறுகின்றன என்று அளக்கும். டைல் எல்லையில் மாற்றம் கூர்மையாக இருக்கும், டைலின் நடுவில் அவ்வளவு இருக்காது. புல், மண், தண்ணீர் போன்ற தொடர்ந்து ஒட்டும் டைல்களில் இந்தக் கணக்கு தடுமாறும், ஏனென்றால் அவை எல்லை தெரியாமல் இருக்கும்படிதானே வரையப்படுகின்றன.

இடைவெளி உள்ள ஷீட்டுகள் இன்னொரு கதை. டைல்களுக்கு நடுவே 1 பிக்சல் விட்ட ஷீட்டுகள் நிறைய உண்டு. எடுத்துக்காட்டாக 968×526. இதை 16-ஆல் வகுத்தால் 60.5 வரும், அரை டைல் என்று ஒன்று கிடையாது, அங்கேயே சந்தேகம் வர வேண்டும். 1 பிக்சல் இடைவெளி என்று வைத்துப் பாருங்கள்: 57 டைல் × 16 = 912, நடுவே 56 இடைவெளி, மொத்தம் 968. உயரத்தில் 31 × 16 = 496, கூட 30, மொத்தம் 526. கச்சிதம். கருவியும் இதே கணக்கைத்தான் போடுகிறது: அகலத்தோடு ஒரு இடைவெளியைக் கூட்டி, டைலும் இடைவெளியும் சேர்ந்த அளவால் வகுத்தால் மீதி வரக்கூடாது. ஓரத்திலும் விளிம்பு விட்டிருந்தால் அதை முதலில் இருபுறமும் கழித்துக்கொள்ள வேண்டும்.

எப்படியிருந்தாலும் இறுதி முடிவு உங்களுடையது. கருவி ஊகத்தை மஞ்சளில் காட்டும், நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் பச்சை. மஞ்சள் ஷீட்டுகளை வைத்து மேப் ஆரம்பிக்காதீர்கள், மேலே சொன்ன எண் விவகாரம் அப்படியே திரும்பி வரும்.

ஆர்பிஜி மேக்கர் எம்வி ஷீட்டுகளுக்கு ஊகமே வேண்டாம். டைல் 48×48 என்பது நிலையானது, ஏ5 வகை என்றால் 384×768, அதாவது 8 பத்தி 16 வரி, ஏ2 என்றால் 768×576. பெயரின் முன்னால் டாலர் குறி இருந்தால் அந்தப் படத்தில் ஒரே ஒரு பாத்திரம் என்று எஞ்சின் புரிந்துகொள்கிறது. அந்தக் குறியை அழுக்கு என்று நினைத்துப் பெயரைச் சுத்தம் செய்துவிடாதீர்கள்.

ஒரே படம் இரண்டு இடத்தில் இருக்கிறது, ஆனால் "வேறு வேறு" என்கிறதே?

எந்த ஒப்பீட்டில் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நான்கு வகை இருக்கிறது.

முதல் வகை, ஃபைலின் பைட்டுகளை அப்படியே எஸ்.ஹெச்.ஏ-256 ஹாஷ் எடுப்பது. நகல் எடுத்த ஃபைல்கள் இதில் மாட்டும். ஆனால் ஒரு பி.என்.ஜி.யை வேறு மென்பொருளில் திறந்து மறுபடி சேமித்தால் படம் அதேதான், சுருக்கும் அளவோ கூடவே வரும் குறிப்புகளோ மாறியிருக்கும், ஹாஷும் மாறிவிடும். அதனால் இரண்டாம் வகை: படத்தை விரித்து பிக்சல்களை ஹாஷ் எடுப்பது. இங்கேயும் ஒரு பொறி உண்டு. முழுக்க ஒளிபுகும் பிக்சலுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறம் உள்ளே ஒளிந்திருக்கும், ஒரு மென்பொருள் அதைக் கருப்பாக வைக்கும், இன்னொன்று வெள்ளையாக வைக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று, ஹாஷுக்கு இரண்டும் வேறு. கருவி இத்தகைய பிக்சல்களை எல்லாம் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் ஹாஷ் எடுக்கிறது.

மூன்றாவது, டைல் அளவில் பார்ப்பது. ஒரு சதுர டைலைத் திருப்பியும் புரட்டியும் மொத்தம் 8 தோற்றம் கிடைக்கும். எட்டுக்கும் ஹாஷ் எடுத்து அதில் சிறியதை அந்த டைலின் அடையாளமாக வைத்தால், வேலியின் இடது முனையும் வலது முனையும் ஒரே டைலின் புரட்டல்தான் என்று தெரிந்துவிடும். உங்கள் எடிட்டர் புரட்டலை ஆதரித்தால் ஷீட்டில் இடம் மிச்சம். ஆனால் இதை நான் தனிப் பட்டியலாகத்தான் காட்டுகிறேன், ஏனென்றால் வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து விழுவதுபோல வரைந்த பாறையைப் புரட்டினால் கண்ணுக்கு உறுத்தும், அது நகல் அல்ல.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது: நிறம் மாற்றிய நகல்கள். டைலில் முதலில் வரும் நிறத்துக்கு 0, அடுத்துப் புதிதாக வரும் நிறத்துக்கு 1 என்று எண் போட்டுக்கொண்டே போய், அந்த எண்களை மட்டும் ஹாஷ் எடுத்தால், சிவப்புக் கூரையும் நீலக் கூரையும் ஒரே ஹாஷில் வந்து நிற்கும். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காத பிக்சல் ஆர்ட்டில் அருமையாக வேலை செய்யும். விளிம்புகளை மென்மையாக்கிய படங்களில் சுத்தமாக வேலை செய்யாது.

பெரிய, ஓவியம்போன்ற படங்களுக்கு டி-ஹாஷ் இருக்கிறது: படத்தைச் சாம்பல் நிறத்தில் 9×8 ஆகச் சுருக்கி, ஒவ்வொரு பிக்சலும் வலப்பக்கத்து பிக்சலைவிட வெளிச்சமா இல்லையா என்று பார்த்தால் 64 பிட் கிடைக்கும், இரண்டு படங்களுக்கிடையே எத்தனை பிட் வேறுபடுகிறது என்பதே தூரம். 16×16 டைல்களுக்கு இதை அணைத்தே வைத்திருக்கிறேன், இரண்டு வெவ்வேறு புல் டைல்களை ஒன்றென்று சாதித்துக்கொண்டே இருந்தது.

டேக் எப்படிப் போடுவது? எத்தனை போடுவது?

குறைவாகப் போடுங்கள். எல்லோரும் முதல் நாள் ஒரு படத்துக்குப் பன்னிரண்டு டேக் போடுகிறார்கள், நான்காம் நாள் ஒன்றுகூடப் போடுவதில்லை. மேப் போடும்போது மனதில் என்ன கேள்வி வருமோ அதுவே டேக்காக இருக்கட்டும்: இது தரையா, சுவரா, மேலே வைக்கும் பொருளா, உள்ளேயா வெளியேயா, ஆள் நடக்கலாமா கூடாதா. நிறம், அளவு, ஃபோல்டர் பெயர், எத்தனை ஃப்ரேம் என்பதெல்லாம் கருவிக்கே தெரியும், அவற்றுக்கு டேக் வேண்டாம். "அழகானது" என்று ஒரு டேக் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.

தமிழில் டேக் போட்டால் தேடல் கிடைக்கவில்லை

பழைய பதிப்பில் அப்படித்தான் இருந்தது, இப்போது சரி. காரணம் சுவாரசியமானது என்பதால் சொல்கிறேன். தேடலுக்கு எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் எஃப்.டி.எஸ்5 என்ற உரைத் தேடல் பகுதியைப் பயன்படுத்துகிறேன். அதன் இயல்பான சொல் பிரிப்பான், யுனிகோடில் எழுத்து அல்லது எண் என்று வகைப்படுத்தியவற்றைத்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். தமிழின் புள்ளியும் கால், கொம்பு, சுழிகளும் யுனிகோடில் "எழுத்து" வகையில் இல்லை, "குறி" வகையில் இருக்கின்றன. ஆக "பாறை" என்பது ப, ற என்று இரண்டு துண்டாகிவிடுகிறது. குறி வகைகளையும் சேர்த்துக்கொள் என்று அமைப்பில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. நீங்களே இதுபோல ஏதாவது எழுதினால் இதைக் கவனியுங்கள்.

கூடவே இன்னொன்று. "கொ" என்பதை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே ஒகரக் குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் ஒரே மாதிரி தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. மேக்கின் பழைய ஹெச்.எஃப்.எஸ் பிளஸ் டிஸ்க்குகள் ஃபைல் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும் என்பதால் "கொடி" என்ற ஃபைல் அங்கிருந்து வந்தால் தேடலில் காணாமல் போகும். இப்போது பெயர், டேக், தேடும் சொல் மூன்றையுமே ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடுகிறது. டேக் தாராளமாகத் தமிழில் போடுங்கள். ஃபைல் பெயரை மட்டும் சிறிய ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து, கருவிக்காக அல்ல, நடுவில் வரும் மற்ற மென்பொருள்களுக்காக.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து எச்சரிக்கை எதற்கு?

விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் வேறாகப் பார்க்கும். உங்கள் கணினியில் ஓடிய மேப் இன்னொருவரிடம் வெற்றுக் கட்டங்களாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எச்சரிக்கையை அணைக்காதீர்கள்.

இரண்டு நிலங்கள் சேரும் விளிம்பு டைல்கள் முழுசாக இருக்கிறதா என்று பார்க்குமா?

பார்க்கும், மேப்புக்கு முன் இன்டெக்ஸ் எடுப்பதில் உண்மையான லாபம் இங்கேதான் என்பேன். புல்லும் மணலும் சேரும் இடத்துக்கு, நான்கு மூலைகளும் இதுவா அதுவா என்று கணக்கிட்டால் 16 டைல் வேண்டும். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் பார்த்து டைல் தேர்ந்தெடுக்கும் முறையில் 256 சாத்தியங்கள் வந்தாலும், பக்கவாட்டு இரண்டும் இருந்தால்தான் அந்த மூலைக்கு அர்த்தம் என்று வைத்தால் 47 ஆகச் சுருங்கிவிடும். நீங்கள் ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுத்து "இது 16 வகை" அல்லது "47 வகை" என்று சொன்னால், விளிம்புகளின் நிறத்தை ஒப்பிட்டு எது எந்த இடத்துக்கு என்று ஊகித்து, காலி இடங்களைச் சிவப்புக் கட்டமாகக் காட்டும்.

புல்–மணல் இருக்கிறது, மணல்–தண்ணீர் இருக்கிறது, புல்–தண்ணீர் இல்லை என்று மேப் தொடங்கும் முன்பே தெரிந்தால் ஒன்று ஓவியரிடம் கேட்கலாம், அல்லது எல்லா ஏரியையும் சுற்றி மணல் கரை வைத்துவிடுவோம் என்று வடிவமைப்பையே மாற்றிக்கொள்ளலாம். பாதி உலகத்தை வரைந்த பிறகு தெரிந்தால் இரண்டும் கஷ்டம்.

உரிமத்தை எப்படிக் குறித்து வைப்பது?

பேக்குக்கு ஒன்று என்று இல்லாமல் ஃபைலுக்கு ஒன்றாக. ஒரு பேக்கிலேயே பலர் வரைந்தவை கலந்திருக்கும். ஃபோல்டரில் உரிம ஃபைல் இருந்தால் கருவி அதைப் படித்துக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் முன்மொழியும், நீங்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். யார் வரைந்தது, எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது என்ற மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கமே இருக்காது.

சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். சிசி0 என்றால் பெயர்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொல்வது மரியாதை. சிசி பை என்றால் பெயர் குறிப்பிட வேண்டும், 4.0 பதிப்பில் நீங்கள் மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சிசி பை-எஸ்ஏ என்றால் அந்தப் படத்திலிருந்து நீங்கள் உருவாக்கியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். என்சி (வணிகமற்ற பயன்பாடு மட்டும்) இருந்தால் விற்கும் கேமில் வைக்கக் கூடாது. ஓபன்கேம்ஆர்ட் தளத்தில் ஓஜிஏ-பை என்று ஒன்று பார்ப்பீர்கள், அது சிசி பை 3.0-ஐ அடிப்படையாக வைத்து, நகல் தடுப்புப் பூட்டு போடக்கூடாது என்ற நிபந்தனையை நீக்கியது. 2012-ல் நடந்த லிபரேட்டட் பிக்சல் கப் போட்டியிலிருந்து வந்த ஆர்ட், சிசி பை-எஸ்ஏ 3.0, ஜிபிஎல் 3 என்று இரட்டை உரிமத்தில் இருக்கிறது. அந்தப் பாணியில் பின்னால் பலர் நிறைய வரைந்து சேர்த்திருக்கிறார்கள், பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போகும், கையால் சமாளிக்கவே முடியாது.

ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்: பல பேக்குகளிலிருந்து டைல்களை வெட்டி ஒரே ஷீட்டில் ஒட்டுவது. ஒட்டிய கணத்தில் எந்த டைல் யாருடையது என்பது தொலைந்துவிடும். கட்டாயம் ஒட்ட வேண்டுமென்றால் கருவியின் ஷீட் சேர்க்கும் வசதியில் செய்யுங்கள், ஒவ்வொரு டைலும் எங்கிருந்து வந்தது என்பதைக் கூடவே எழுதிவைக்கும். கடைசியில் மேப்புகளில் உண்மையாகவே பயன்பட்டவற்றை மட்டும் எடுத்து நன்றிப் பட்டியலை அதுவே தயாரிக்கும்.

எல்லாப் படத்துக்கும் ஏஐ டேக் போட்டுவிட முடியாதா?

சோதித்துப் பார்த்தேன். படத்தையும் சொல்லையும் இணைத்துப் பார்க்கும் கிளிப் மாதிரி பொதுவாக 224×224 அளவில் படத்தை எதிர்பார்க்கிறது. பெரிய மரம், வீடு, பாத்திர ஓவியம் என்றால் நன்றாகவே சொல்கிறது. 16×16 டைலைப் பெரிதாக்கிக் கொடுத்தால் பீப்பாயை டிரம் என்கிறது, படிக்கட்டைப் பியானோ என்கிறது. குற்றம் சொல்ல முடியாது, தனியாகப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தெரிகிறது. விருப்ப வசதியாக வைத்திருக்கிறேன், 64 பிக்சலுக்குக் கீழ் உள்ளவற்றைத் தொடாது.

நிறத்தை வைத்துத் தேடலாமா?

தேடலாம். ஓகேலாப் நிறவெளியில் தூரம் பார்க்கிறது, கண்ணுக்கு நெருக்கமாகத் தெரிவது எண்ணிலும் நெருக்கமாக இருக்கும். நிறத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்தால் அதற்கு ஒட்டாத படங்களைப் பட்டியலிடும். வெவ்வேறு ஓவியர்களின் பேக்குகளைக் கலக்கும்போது முதலில் இதை ஓட்டுங்கள்.

ஃபைல்களை ஏன் நகர்த்தித் தர மாட்டேன் என்கிறது? அதுதானே வேண்டும்!

யூனிட்டி எஞ்சினில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் மெட்டா ஃபைல் ஒன்று உண்டு, அதற்குள் இருக்கும் அடையாள எண்ணை வைத்துத்தான் காட்சிகள் அந்தப் படத்தைக் குறிப்பிடுகின்றன. வெளியிலிருந்து படத்தை மட்டும் நகர்த்தினால் யூனிட்டி புதிய மெட்டாவை, புதிய எண்ணோடு உருவாக்கும், பழைய இணைப்புகள் அனைத்தும் போச்சு. கோடாட் எஞ்சினிலும் பக்கத்தில் இம்போர்ட் ஃபைல் இருக்கும். இவற்றை எஞ்சினுக்குள்ளிருந்து நகர்த்துவதே பாதுகாப்பு. கருவி "இதை இங்கே நகர்த்தலாம்" என்று பரிந்துரைப் பட்டியல் தரும், நகர்த்துவது உங்கள் வேலை. எஞ்சின் திட்டத்துக்குள் இன்னும் போகாத மூல ஃபோல்டர் என்றால் தாராளமாக எந்த ஃபைல் மேலாளரிலும் நகர்த்துங்கள், உள்ளடக்க ஹாஷை வைத்து டேக்குகள் தானாகப் பின்தொடரும்.

3டி மாடல்களுக்கு?

உண்டு, ஆனால் எளிமையாக. ஜி.எல்.டி.எஃப் விதிப்படி புள்ளிகளின் இடத் தகவலோடு அதன் குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லைகளையும் எழுதியே ஆக வேண்டும். அதனால் வடிவத்தை விரிக்காமலே எவ்வளவு உயரம், அகலம் என்று தெரிந்துவிடும். அலகு மீட்டர். 200 மீட்டர் உயரக் கதவு ஒன்று பட்டியலில் தெரிந்தால் எங்கோ சென்டிமீட்டர் மீட்டராக மாறியிருக்கிறது என்று அர்த்தம். உயரப்படி வரிசைப்படுத்தி மேலேயும் கீழேயும் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. ஒன்றுக்கு மேற்பட்ட பாகங்கள் இருந்து அவற்றுக்குத் தனியாக அளவு மாற்றம் கொடுத்திருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

நாங்கள் நான்கு பேர். இன்டெக்ஸை எப்படிப் பகிர்வது?

டேக்கும் உரிமமும் ஃபோல்டருக்கு ஒன்றாக சாதாரண உரை ஃபைலில் இருக்கும், அவற்றைக் கிட்டில் போடுங்கள். தேடலுக்கான தரவுத்தளமும் சிறுபடங்களும் அந்த உரையிலிருந்தும் படங்களிலிருந்தும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கக் கூடியவை, அவற்றைக் கிட் புறக்கணிக்கும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஆரம்பத்தில் நான் தரவுத்தளத்தையே கிட்டில் வைத்திருந்தேன். இரண்டு பேர் ஒரே நாளில் டேக் போட்டால் ஒருவர் உழைப்பு காலி, ஏனென்றால் பைனரி ஃபைலை இணைக்க வழியில்லை. காசு கொடுத்து வாங்கிய பேக்குகளைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிடாதீர்கள், உரை ஃபைல் மட்டும் போகட்டும்.

ஏற்கனவே மேப் போட்டாகிவிட்டது. இப்போது பயன் உண்டா?

உண்டு, வேறு விதமாக. டைல்டு மேப்புகள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் எந்த டைல் எத்தனை முறை பயன்பட்டிருக்கிறது, எந்த டைல்செட் சும்மா இணைந்திருக்கிறது, எந்த எண்ணுக்கு டைலே இல்லை என்று சொல்லும். எண்ணைப் படிக்கும்போது மேல் பிட்டுகளை நீக்கிவிட்டுத்தான் பார்க்கிறது, அதை மறந்தால் புரட்டிய டைல்களெல்லாம் கோடிக்கணக்கில் எண்ணாகத் தெரியும். (சொந்தமாக லோடர் எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்தில் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள்.) ஆனால் ஷீட்டை மாற்றி அடுக்கும் ஆசையை மேப் முடியும் வரை ஒத்திப்போடுங்கள்.

ஆயிரக்கணக்கில் படம் கிடக்கிறது. எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் டேக் போட முயலாதீர்கள். முதலில் நகல்களைப் பாருங்கள், பட்டியல் அங்கேயே சுருங்கும். அப்புறம் முதல் மேப்புக்கு வேண்டியது என்னவென்று ஒரு தாளில் எழுதி, அதற்குப் பொருந்துவதை மட்டும் "பயன்படுத்துவோம்" என்ற தொகுப்பில் சேருங்கள். அந்தத் தொகுப்புக்கு மட்டும் டைல் அளவு, உரிமம், விளிம்பு டைல்கள் எல்லாம் பச்சையாகும் வரை உட்காருங்கள். மீதி அப்படியே கிடக்கட்டும், தேவைப்படும்போது தேடலில் வரும்.

கருவியை நீக்கினால் என்ன ஆகும்?

தரவுத்தள ஃபோல்டரை அழித்தால் போதும். படங்களில் எதுவும் எழுதப்படவில்லை. டேக் இருக்கும் உரை ஃபைல்கள் அந்தந்த ஃபோல்டரிலேயே இருக்கும், எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம்.